மயலின் உறையும் மானிப்பாய் வைத்தியரும்

சின்னமுத்து மாறிச் சில நாட்களே ஆன குழந்தையொன்று முற்றத்தில் ஓடும்போது தடுமாறி விழுகின்றது. மறுநாள் கண் மறைக்கின்றது என்று சொல்லி அழுகின்றது. அதற்கடுத்த நாள் பெற்ற தாயையே அடையாளங் காணாமல் வெறித்துப் பார்க்கின்றது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்து வீடொன்றில் இது நிகழ்ந்திருப்பின், வீட்டார் பார்வை பார்ப்பவரை அழைத்திருப்பர். நூல் ஓதிக் கட்டியிருப்பர். பரியாரியார் நாடி பிடித்துப் பார்த்துச் சன்னி என்று கூறியிருப்பார். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. அக்காலத்தில் இலண்டனிலும் பாரிஸ் நகரிலும் புகழுடன் விளங்கிய வைத்தியர்களும் அக்குழந்தையின் தலைக்குள்ளே நடப்பது இன்னதென்று காணும் வழியற்றவராகவே இருந்தனர்.

இன்று அதனைக் காண முடிகின்றது. கத்தியின்றி, குருதி சிந்தாமல், குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் மூளையை அடுக்கடுக்காகப் படமெடுத்து, நோய் எவ்விடத்தில் எவ்வளவு பரவியுள்ளது என்று கூற முடிகின்றது. இந்நிலை ஒரு நாளில் எய்தப்பட்டதன்று. இதன் வரலாறு பல நாடுகளில் நிகழ்ந்தது. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் அது சில இடங்களில் தொட்டுச் செல்கின்றது.

முதலில் நோயின் இயல்பைக் கூறுதல் வேண்டும். மின்சாரக் கம்பியின்மேல் ரப்பர் உறை போர்த்தியிருப்பதுபோல, மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பு நார்களின்மேல் கொழுப்பு மிகுந்த ஓர் உறை சுற்றப்பட்டிருக்கின்றது. ஜெர்மானிய அறிஞரான ருடோல்ப் விர்ஷோ 1854ஆம் ஆண்டில் அதற்கு மயலின் என்று பெயரிட்டார். இவ்வுறை உள்ள நரம்பில் செய்தி விநாடிக்கு நூறு மீற்றர் வரையும் விரையும். உறை சிதைந்தால் செய்தி தயங்கும், அல்லது இடைவழியில் நின்றுவிடும். எந்த நரம்பின் உறை சிதைந்ததோ அதற்கேற்பக் கண் மங்கும், கால் தளரும், நாக்குக் குழறும், அறிவு மயங்கும். பெரும்பாலும் இவ்வுறையைச் சிதைப்பது வெளியிலிருந்து வரும் பகையன்று. கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காவற்படையே, ஆள் மாறித் தன் சொந்த நரம்பின் உறையைத் தாக்குகின்றது. ஆகவேதான் சின்னமுத்து முதலிய காய்ச்சல்கள் தணிந்து, இனி அச்சமில்லை என்று வீட்டார் எண்ணும் வேளையில் இந்நோய் தோன்றுகின்றது.

விர்ஷோ அப்பெயரைச் சூட்டிய காலத்தில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க வைத்தியர் ஒருவர் நோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822ஆம் ஆண்டில் மசாச்சுசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிற் பிறந்தவர். அமெரிக்க மிசனால் அனுப்பப்பட்டு 1847ஆம் ஆண்டில் இங்கு வந்தவர். முதலில் வட்டுக்கோட்டையிலும் அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயிலும் தங்கி மருத்துவம் செய்தார். உள்ளூர் இளைஞர்களுக்கு மேனாட்டு வைத்தியத்தையும் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவருட் பலர் அரசாங்க உத்தியோகம் தேடி வேற்றூர்களுக்குச் சென்றுவிட, கிராமங்கள் வைத்தியரின்றியே இருந்தன. இதனைக் கண்ட கிறீன் 1864ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் துணிந்தார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழில் பயின்றவர்.

கற்பிப்பதற்கு நூல் வேண்டுமன்றோ? கிறீன் தாமும் தம் மாணாக்கருமாக மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினர். இரண வைத்தியம் 1867ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1858ஆம் ஆண்டில் இலண்டனில் முதன்முதல் வெளிவந்த கிரே என்பாரின் உடற்கூற்று நூல், மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயருடன் 1872ஆம் ஆண்டில் தமிழிற் பிறந்தது. இன்று அந்நூலைப் புரட்டுவோருக்கு அதன் நடை கடினமாகத் தோன்றலாம். கலைச்சொற்களுட் பல வழக்கொழிந்தும் போயின. எனினும் எலும்பு, தசை, குருதிக்குழாய், நரம்பு என்று மனித உடலின் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் தேடி நிறுத்திய அவ்வுழைப்பு சிறிதன்று. பெயரில்லாத பொருளைக் கண் கண்டாலும் மனம் பற்றாது.

அதே காலத்தில் பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் வைத்தியசாலையில் ழான் மார்ட்டன் ஷார்க்கோ என்னும் பேராசிரியர், நடுக்கமும் தளர்ச்சியும் பேச்சுத் தடையும் உற்று இறந்தவர்களின் மூளையையும் முண்ணாணையும் வெட்டிப் பார்த்தார். வெண்பொருளில் ஆங்காங்கே தழும்புபோல் இறுகிய திட்டுக்கள் இருப்பதையும், அத்திட்டுக்களில் நரம்பின் உறை அழிந்திருப்பதையும் கண்டு, 1868ஆம் ஆண்டில் அந்நோயை வரையறுத்துக் கூறினார். மல்டிப்பிள் ஸ்கிளரோசிஸ் என்று இன்று வழங்குவது அதுவே. மானிப்பாய் மாணாக்கன் ஏட்டில் நரம்பைக் கற்றான். பாரிஸ் பேராசிரியர் பிணத்தில் நோயைக் கண்டார். உயிரோடிருக்கும் நோயாளியின் தலைக்குள்ளே பார்ப்பது இருவருக்கும் எட்டாத செயலாகவே இருந்தது.

இறந்த பின் காண்பது நோயாளிக்கு உதவாது. இதனைத் தமிழ் நாட்டவரும் ஈழத்தவரும் மிகக் கசப்பாக உணரச் செய்தது விசர்நாய்க்கடி மருந்தின் வரலாறு. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், விசர்நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தம் புதிய தடுப்பு மருந்தை ஏற்றத் தொடங்கினார். அம்மருந்து நோயுற்ற முயல்களின் முண்ணாணை உலர்த்தி ஆக்கப்பட்டது. சிறுவன் பிழைத்தான், உலகம் வியந்தது. 1911ஆம் ஆண்டில் டேவிட் செம்பிள் என்பவர் இந்தியாவின் கசௌலியில் அம்முறையைத் திருத்தி, விலங்கின் மூளையைக் கார்பாலிக் அமிலத்தால் பதப்படுத்தி மருந்தாக்கினார். செம்மறியாட்டு மூளையிலிருந்து ஆக்கப்பட்ட அம்மருந்து மலிவானது, பேரளவில் ஆக்கத்தக்கது. நாய் கடித்தவர்க்குத் தொப்புளைச் சுற்றி நாள்தோறும் ஊசி போடும் வழக்கம் அதனால் வந்தது. அந்த ஊசியின் நினைவு முதியோர் பலரிடம் இன்றும் உண்டு.

ஆனால் மருந்தேற்றப்பட்டோருள் ஒரு சிலருக்கு, இரண்டொரு வாரத்தில் கால்கள் சோர்ந்தன, சிறுநீர் அடைத்தது, அறிவு கலங்கியது. சிலர் மாண்டனர். இது விசர்நோயா, மருந்தின் தீங்கா என்று வைத்தியர் மயங்கினர். 1930களில் நியூயோர்க் நகரின் ரொக்பெல்லர் நிலையத்தில் தோமஸ் றிவர்ஸ் என்பவரும் அவர் துணைவரும், நோயற்ற விலங்கின் மூளைச் சாற்றையே குரங்குகளுக்குப் பலமுறை ஏற்றிப் பார்த்தனர். குரங்குகளின் நரம்புறை அழிந்தது. அதனால் குற்றம் விசர்நோய்க் கிருமியினதன்று, மருந்திற் கலந்திருந்த மூளைப் பொருளினதே என்பது வெளியாயிற்று. ஆட்டு மூளையின் மயலினைப் பகையென எதிர்க்கக் கற்ற உடல், தன் மூளையின் மயலினையும் எதிர்க்கத் தொடங்கிவிடுகின்றது. 1950களில் சிலி நாட்டவர் பிறந்த உடனுள்ள சுண்டெலிக் குஞ்சுகளின் மூளையைக் கொண்டு மருந்து செய்தமைக்கும் இதுவே காரணம். அக்குஞ்சுகளின் மூளையில் மயலின் உறை இன்னும் உண்டாகியிராது.

நாய் கடித்த பிள்ளையின் தந்தை அந்நாளில் எத்தகைய இடுக்கணில் நின்றார் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். ஊசி போடாவிடின் விசர்நோய் வரலாம். வந்தால் மரணம் உறுதி. ஊசி போட்டால், மிகச் சிலருக்கே யாயினும், முடம் நேரலாம். ஊசி போடுவதே அறிவுடைமை. ஆயினும் அச்சிலருள் ஒருவனாகத் தன் பிள்ளை அமைந்துவிட்ட தந்தைக்குக் கணக்கு ஆறுதல் தருவதில்லை. மூளைப் பொருள் கலவாத புதிய மருந்துகள் வந்த பின்னர், இலங்கை 1995ஆம் ஆண்டிலும் இந்தியா 2004ஆம் ஆண்டிலும் பழைய மருந்தைக் கைவிட்டன.

இனி, உயிருள்ள தலையினுள் நோக்க மனிதன் எடுத்த முயற்சியைக் காண்போம். 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் வில்ஹெல்ம் றொன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். எலும்பு நிழலாகத் தெரிந்தது; மண்டையோட்டினுள் இருந்த மென்மையான மூளையோ தெரியவில்லை. 1918ஆம் ஆண்டில் அமெரிக்கரான வால்ட்டர் டான்டி, மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார். நோயாளிக்குப் பெருந்துன்பம் தந்த அம்முறையால் கட்டிகளை ஊகிக்க முடிந்ததேயன்றி, நரம்புறையின் சிதைவைக் காண முடியவில்லை. 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், இலண்டன் விம்பிள்டனில் உள்ள வைத்தியசாலையொன்றில், கொட்பிறே ஹவுன்ஸ்பீல்ட் என்னும் பொறியியலாளர் அமைத்த சி.டி. பொறி முதன்முதல் ஒரு நோயாளியின் மூளையைக் குறுக்கு வெட்டாகக் காட்டியது. கட்டியும் குருதிக் கசிவும் அதில் தெளிவாயின. நரம்புறை நோயின் திட்டுக்களுட் பெரும்பாலன அப்போதும் ஒளிந்தே இருந்தன.

அவற்றை வெளிப்படுத்தியது காந்தம். உடலெங்கும் நிறைந்த நீரில் ஐதரசன் அணுக்கள் உள்ளன. வலிய காந்தப் புலத்தில் அவற்றின் கருக்கள் ஒழுங்குபடுகின்றன. வானொலி அலையால் அவற்றைத் தட்டினால், மீளும்போது அவை மெல்லிய குறிப்பலையொன்றை எழுப்புகின்றன. இவ்வியல்பை 1946ஆம் ஆண்டில் புளொக், பேர்செல் என்னும் இருவர் தனித்தனியே கண்டறிந்தனர். 1973ஆம் ஆண்டில் போல் லோட்டர்பர் அக்குறிப்பலைகளைக் கொண்டு படம் வரையலாம் என்று காட்டினார். அவருக்கும், அம்முறையை விரைவுபடுத்திய பீற்றர் மான்ஸ்பீல்டுக்கும் 2003ஆம் ஆண்டில் நொபெல் பரிசு வழங்கப்பட்டது. எம்.ஆர்.ஐ. என்று மக்கள் வழங்கும் காந்தப் படம் இவ்வாறு உண்டாயிற்று. கொழுப்பாலான மயலின் உறை சிதைந்த இடத்தில் நீர் மிகும். நீர் மிகுந்த இடம் காந்தப் படத்தில் வெண்மையாக ஒளிரும். 1981ஆம் ஆண்டில் இலண்டன் ஹமர்சிமித் வைத்தியசாலையினர் மல்டிப்பிள் ஸ்கிளரோசிஸ் உற்ற 10 பேரை இரு வகைப் படங்களாலும் ஆராய்ந்தனர். சி.டி. படம் காட்டிய திட்டுக்கள் 19. காந்தப் படமோ அவற்றோடு மேலும் 112 திட்டுக்களைக் காட்டியது. ஷார்க்கோ பிணத்திற் கண்டதை, நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகளின் பின் வைத்தியர் உயிரிற் கண்டனர்.

பெரியோரிடம் பெற்ற இவ்வறிவைக் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. பிறந்த குழந்தையின் மூளையில் மயலின் உறை பெரும்பாலும் கட்டப்படாமலே இருக்கின்றது. முதல் இரண்டாண்டுகளில் அது விரைந்து பரவுகின்றது. அதன் பின்னரும் பல்லாண்டுகள் மெல்ல வளர்கின்றது. ஆகவே ஆறு மாதக் குழந்தையின் படத்தில் வெண்மையாகத் தோன்றும் இடம் நோயாகவும் இருக்கலாம், வளர்ச்சி இன்னும் எட்டாத இடமாகவும் இருக்கலாம். குழந்தையின் வயதை அறியாமல் அதன் மூளைப் படத்தைப் படிக்க முற்படுவது, மாதம் அறியாமல் நெற்பயிரைப் பார்த்து விளைச்சல் கூறுவதை ஒக்கும்.

நோய்களைப் பகுத்தறிதலும் எளிதன்று. குழந்தைகளிடம் பெரும்பாலும் காணப்படுவது, காய்ச்சலின்பின் திடீரெனப் பரவும் மூளை முண்ணாண் அழற்சி. அதன் திட்டுக்கள் பெரியன, ஓரம் தெளிவற்றன, இரு பக்கமும் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடப்பன, சில வேளைகளில் மூளையின் ஆழத்துச் சாம்பற் பொருளையும் பற்றுவன. மல்டிப்பிள் ஸ்கிளரோசிஸ் நோயின் திட்டுக்கள் சிறியன, ஓரம் தெளிந்தன, மூளையின் உள்ளறைகளை ஒட்டி அமைவன. முண்ணாணில் மூன்று முள்ளெலும்புகளின் நீளத்துக்கு மேலாக அழற்சி நீண்டு, பார்வை நரம்பும் பழுதுபட்டிருப்பின் வேறொரு நோயை ஐயுற வேண்டும். பரம்பரையாக வரும் உறைக் கேடுகளில் மாற்றம் இரு பக்கமும் பெரும்பாலும் ஒத்திருக்கும். இவற்றுள் எதனையும் படம் ஒன்றைக் கொண்டே முடிவு செய்ய நல்ல வைத்தியர் துணியார். குழந்தையின் அறிவு நிலை, முண்ணாண் நீர், குருதியிற் காணும் எதிர்ப்பொருள் ஆகிய யாவற்றையும் சேர்த்தே எண்ணுவர். 2007ஆம் ஆண்டில் பல நாட்டு வல்லுநர் கூடி வகுத்து 2013ஆம் ஆண்டில் திருத்திய விதிகளும், அறிவு மயக்கம் உண்டா என்பதையும், மூன்று மாதங்களின்பின் புதிய மாற்றம் தோன்றியதா என்பதையும் கேட்கின்றன. காலமும் இங்கு ஒரு சாட்சியாகின்றது.

இப்பகுப்பு வெறும் பெயர் வேறுபாடன்று. திடீர் அழற்சி உற்ற குழந்தைக்கு உரிய காலத்தில் ஸ்டீரொயிட் மருந்தை நாளத்தில் ஏற்றினால், பெரும்பாலான குழந்தைகள் எழுந்து நடந்து பள்ளிக்கூடம் திரும்புகின்றன. அதனை மீளமீள வரும் நோயென்று தவறாகக் கூறினால், ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் இல்லாத நோய்க்கு அஞ்சி வாழ நேரும். மீளவரும் நோயைத் திடீர் அழற்சியென்று விட்டுவிட்டால், அடுத்த தாக்குதலில் குழந்தையின் கண் போகலாம்.

ஆகவே பொறியுள்ள இடத்தை நோயாளி உரிய நாளில் அடைவது உயிர்நாடியாகும். யாழ்ப்பாண வைத்தியசாலை 1850ஆம் ஆண்டில், அரசாங்க அதிபர் டைக் என்பவரின் முயற்சியால் தோன்றியது. 1978ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபின் அது போதனா வைத்தியசாலையாக வளர்ந்தது. ஆனால் அப்பீடம் தோன்றிய சில ஆண்டுகளிலேயே போர் மூண்டது. மேனாடுகளில் காந்தப் படம் பரவிய 1980களும் 1990களும் குடாநாட்டில் மின்விளக்கும் மருந்தும் அருகிய காலம். காந்தப் பொறியின் உள்ளே உள்ள திரவ ஈலியம் ஓயாது குளிர்விக்கப்படுதல் வேண்டும். மின்சாரம் அறுந்த நிலத்தில் அதனை நிறுத்திப் பேணுதல் இயலாது. தரைப்பாதை அடைபட்டிருந்த நாட்களில் தெற்கே செல்ல வேண்டியவர்கள் இரவில் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்தனர். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பு அந்நாளில் வேறொரு நாடு போலாயிற்று. அக்காலத்தில் குடாநாட்டு வைத்தியர்கள் முழங்காலைத் தட்டும் சிறு சுத்தியலையும், கண்ணுள் நோக்கும் ஒளிக்கருவியையும், தம் பட்டறிவையும் கொண்டே குழந்தையின் மூளைக்குள் நிகழ்வதை ஊகித்தனர். 1868ஆம் ஆண்டின் பாரிஸ் வைத்தியருக்கும் அவர்களுக்கும் இருந்த வேறுபாடு, காணும் வழி உலகில் உண்டு என்பதை இவர்கள் அறிந்திருந்தமை ஒன்றே.

2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபின் பாதை திறந்தது. ஆயினும் பாதையும் பொறியும் போதுமா என்னும் வினா எஞ்சியிருக்கின்றது. குழந்தை தடுமாறி விழுந்த முதல் நாளிலேயே, இது சன்னியன்று, கண்ணூறன்று, நரம்பின் நோயாகலாம் என்று தாய் ஐயுற்றால்தான் குழந்தை வைத்தியசாலையை அடையும். படம் எடுத்த பின்னர், அதன் அறிக்கை ஆங்கிலத்திலேயே அவள் கைக்கு வருகின்றது. அதிலுள்ள ஒரு சொல்லையும் அறியாத தாய், மூன்று மாதங்களின்பின் மீண்டும் படம் எடுக்க வேண்டும் என்ற கட்டளையின் காரணத்தையும் அறியாள். குழந்தை ஓடியாடத் தொடங்கியதும், இனி எதற்கு என்று வீட்டிலேயே இருந்துவிடுவாளாயின், அவளைப் பழித்தல் முறையன்று. இதனை அவள் மொழியில் அவளுக்கு உரைத்தவர் யார் என்பதே கேட்கத்தக்கது.

இவ்விடத்தில் மானிப்பாய் வைத்தியரின் நினைவு மீண்டும் எழுகின்றது. கிறீன் 1873ஆம் ஆண்டில் உடல்நலங் குன்றித் தாயகம் திரும்பினார். 1870ஆம் ஆண்டிலேயே கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவக் கல்லூரி திறந்திருந்தது. தமிழில் வைத்தியம் கற்பிக்கும் முயற்சி அவருக்குப்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஊர் திரும்பிய பின்னரும் அவர் தமிழ் வைத்திய நூற்பணியை விடவில்லை; 1884ஆம் ஆண்டில் வூஸ்டரில் காலமானார். தமிழருக்கு வைத்தியத் தொண்டு புரிந்தவர் என்னும் குறிப்பு அவருடைய கல்லறைக் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது.

மயலின் உறையின் சிதைவை அவர் ஒருநாளும் கண்டவரல்லர். எக்ஸ் கதிர் தோன்றுவதற்குப் பதினோராண்டுகள் முன்னரே மறைந்தவர். எனினும் மானிப்பாயில் அவர் செய்த வேலையில் ஒரு பாதி இன்னும் முடிவுறாமல் இருக்கின்றது. குழந்தையின் தலைக்குள்ளே பார்க்கும் கண்ணை இலண்டன் பொறியியலாளரும் அமெரிக்க விஞ்ஞானியரும் ஆக்கித் தந்துவிட்டனர். அக்கண் கண்டதை, நோயுற்ற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வைத்தியசாலைத் தாழ்வாரத்தில் காத்திருக்கும் தாய்க்குத் தமிழில் எழுதிக் கொடுக்கும் வேலை, யாழ்ப்பாணத்து வைத்தியருக்கும் ஆசிரியருக்கும் உரியது.